மாதக் கணக்கைப் பார்த்து நர்சிங் கல்லூரியில் சேர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுப் படிப்புகள் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. அதில், 'ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருந்தால் அமெரிக்காவில் 12 மாதத்தில் நர்ஸ் ஆகிவிடலாம்' என்று ஒரு வரி. சாத்தூரில் இருக்கும் என் அண்ணி அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "நீ படிச்சது இதுதானே? உனக்கு மட்டும் ஏன் மூணு வருஷம் ஆச்சு?" என்று கேட்டிருந்தார். அண்ணிக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போதே, அந்த வரியைப் படித்த மற்றவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்று தோன்றியது. நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். ஊரிலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்று வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். கல்யாணமாகி 2009-இல் நியூஜெர்சி வந்தேன். முதலில் வேலைக்குப் போக அனுமதி இல்லாத விசா. அப்புறம் ஒரு மருந்துக்கடை கவுன்ட்டரில் டெக்னீஷியன் வேலை. 2021-இல் கிரீன் கார்டு வந்தது. அந்த வருடமே நர்சிங் படிப்பது என்று முடிவெடுத்தேன். 2024 ஜூலையில் என்கிளெக்ஸ் என்னும் நர்ஸ் உரிமத் தேர்வு எழுதி ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆனபோது எனக்கு 43 வயது. இதயத் துடிப்பை மானிட்டரில் விடாமல் கவனிக்க வேண்டிய நோயாளிகள் இருக்கும் வார்டில் இப்போது இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன்.

12 மாதம் என்று எழுதியது பொய் இல்லை. வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கான துரித பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) படிப்பை 1971-இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அமெரிக்கா முழுக்க இருக்கிறது. இடத்தைப் பொறுத்து 11 மாதத்திலிருந்து 18 மாதம் வரை ஆகும். ஆங்கிலம், வரலாறு போன்ற பொதுப் பாடங்களை உங்கள் பழைய பட்டத்திலேயே கணக்கு வைத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் நர்சிங் பாடங்களையும் மருத்துவமனைப் பயிற்சியையும், கோடை விடுமுறை, குளிர்கால விடுமுறை எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் நடத்துவார்கள். படிக்க வேண்டியது குறைவதில்லை. படிக்கக் கிடைக்கும் நாள்தான் குறைகிறது. இந்த வித்தியாசம் உங்கள் பக்கத்தில் சொல்லப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லப்படவில்லை. அந்த 12 மாதம் தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே எனக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. முதலில், இந்தியப் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று ஒரு மதிப்பீட்டு நிறுவனம் எழுதித் தர வேண்டும். நம் ஊரின் மூன்று வருட பி.எஸ்சி. பலருக்கு இங்கேதான் முட்டுகிறது. இங்கே பட்டம் என்றால் நான்கு வருடம். எந்தக் கல்லூரியில் படித்தோம், அதற்கு நாக் (கல்லூரிகளை மதிப்பிடும் இந்திய அமைப்பு) தரச்சான்று என்ன, எந்த வகுப்பில் தேறினோம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் மூன்று வருடப் பட்டத்தை ஏற்பார்கள், இல்லை மறுப்பார்கள். எனக்கு எம்.எஸ்சி.யும் இருந்ததால் தப்பித்தேன். அந்த மதிப்பெண் சான்றுகளைப் பல்கலைக்கழகத்தின் முத்திரையிட்ட உறையில் அனுப்ப வைக்க என் அண்ணன் மூன்று முறை பஸ் ஏறிப் போய் வந்தார். நான்கு மாதம் ஆனது.

அப்புறம் முன்தேவைப் பாடங்கள். உடற்கூறும் உடலியலும் இரண்டு பருவம், நுண்ணுயிரியல், புள்ளியியல், வளர்ச்சி உளவியல், ஊட்டச்சத்து. "நான் வேதியியலில் முதுகலை, அதையாவது விட்டுவிடுங்கள்" என்று கேட்டேன். நான் விண்ணப்பித்த இடங்களில் அறிவியல் பாடங்கள் பத்து வருடத்துக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று விதி. சில இடங்களில் ஐந்தே வருடம். நான் படித்தது 2004-இல். ஆக, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடத்தை, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து மறுபடி படித்தேன். கம்யூனிட்டி காலேஜ் என்னும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், மாலை வகுப்பில், ஒரு வருடம். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. எலும்புகள் பெயரையும் நரம்புகள் பெயரையும் அந்த ஒரு வருடத்தில் நிதானமாகப் படித்ததுதான், பின்னால் ஓடும்போது எனக்குக் கை கொடுத்தது. முன்தேவைப் பாடங்களை ஆன்லைனில் ஆறே வாரத்தில் முடித்துக்கொண்டு வந்தவர்கள் முதல் பருவத்திலேயே திணறியதைப் பார்த்தேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

முதலில் நான் பார்த்தது மாதக் கணக்கைத்தான். 12 மாதம் என்று போட்டிருந்த ஒரு கல்லூரிக்கு இணையத்தில் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அழைப்பு. அதற்கப்புறம் தினமும் அழைப்பு. பேசிய பெண் மிகவும் அன்பாகப் பேசுவார். "இந்த பேட்ச்சில் நான்கு இடம்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் 500 டாலர் கட்டினால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்றார். கட்டினேன். கட்டிய பிறகுதான் மருத்துவமனைப் பயிற்சி எங்கே என்று கேட்கத் தோன்றியது. "எங்களுக்குப் பல மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் இருக்கிறது" என்றார். எந்தெந்த மருத்துவமனை? "பருவம் தொடங்கும்போது தெரிவிப்போம்." பகலிலா, இரவிலா, சனி ஞாயிறிலா? "தெரிவிப்போம்." குழந்தைப்பேறு வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் எத்தனை நாள்? அதற்கும் அதே பதில். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கல்யாண மண்டபம் எதுன்னு சொல்லாமலேயே பத்திரிகை அடிச்சுக் கொடுக்கிற மாதிரி இருக்கே" என்றார். 500 டாலர் போனது போகட்டும் என்று விலகிக்கொண்டேன். அதே இடத்தில் சேர்ந்த ஒரு தெலுங்குப் பெண்ணை பின்னால் சந்தித்தேன். குழந்தைகள் வார்டில் இடம் கிடைக்காமல் அவருடைய பேட்ச் முழுவதும் ஒரு பருவம் காத்திருந்ததாம். 12 மாதம் 17 மாதமானது. வாடகையும் கடன் வட்டியும் காத்திருக்கவில்லை.

இரண்டாவது முறை வேறு விதமாகத் தேடினேன். எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருந்த மூன்று கல்லூரிகளை எடுத்துக்கொண்டேன். மாநில நர்சிங் வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, நர்சிங் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது முதல் சல்லடை. வாரியத்தின் அனுமதி இல்லாத இடத்தில் படித்தால் என்கிளெக்ஸ் எழுதவே முடியாது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் மேற்படிப்புக்கும் நல்ல மருத்துவமனைகளில் வேலைக்கும் இடிக்கும். இதை எல்லோரும் சொல்வார்கள், நான் விரிக்கவில்லை.

அடுத்து எல்லோரும் பார்க்கச் சொல்வது, முதல் முயற்சியிலேயே என்கிளெக்ஸில் தேறியவர்கள் எத்தனை சதவீதம் என்பது. மாநில வாரியங்களே கல்லூரி வாரியாக வெளியிடுகின்றன. ஒரு கல்லூரியில் 96 சதவீதம் என்று பார்த்து மயங்கிப்போனேன். நேரில் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போனேன். அலுவலகத்தில் கொடுத்த வண்ணத்தாளை வாங்கிக்கொண்டு நேரே கேன்டீனுக்குப் போய், நீல ஸ்க்ரப்ஸ் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு மாணவிகளிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒருவர் சொன்னார்: "எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்காதீர்கள். முதல் நாள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள்." அவர்கள் வகுப்பில் 50 பேர் சேர்ந்து, இரண்டாம் பருவத்திலேயே 33 பேராகிவிட்டார்களாம்.

அப்போதுதான் கணக்கு புரிந்தது. பெரும்பாலான நர்சிங் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்திலும் 75, 77 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. 74.8 எடுத்தாலும் தோல்விதான். மேலே தூக்கிவிட மாட்டார்கள். இரண்டு பாடத்தில் தோற்றால் வெளியே போக வேண்டியதுதான். படிப்பு முடியும்போது கல்லூரியே வைக்கும் ஒரு இறுதித் தேர்வு வேறு. அதில் குறிப்பிட்ட மதிப்பெண் வராதவரை என்கிளெக்ஸ் எழுதச் சான்று தராத இடங்களும் உண்டு. இப்படி வழிநெடுக வடிகட்டிவிட்டு மிச்சமிருப்பவர்களை மட்டும் தேர்வுக்கு அனுப்பினால் 96 சதவீதம் வரத்தான் செய்யும். சி.சி.என்.இ. அங்கீகாரத்துக்கு என்கிளெக்ஸ் தேர்ச்சி 80 சதவீதமும், படிப்பை முடிப்பவர்கள் 70 சதவீதமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பத்துப் பேரில் மூன்று பேர் நடுவில் விழுந்தாலும் அங்கீகாரத்துக்குப் பங்கமில்லை என்று அர்த்தம். விழுந்த மூன்று பேரும் கட்டணம் கட்டியவர்கள்தான். துரிதப் படிப்பில் தோற்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பாடம் அடுத்து எப்போது வருகிறதோ அதுவரை உட்கார வேண்டும். எதற்காக அவசரப்பட்டுச் சேர்ந்தோமோ அந்த அவசரமே அங்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

நான் கடைசியில் சேர்ந்தது 16 மாதப் படிப்பு. சேர்ந்தவர்கள் 48 பேர், முடித்தவர்கள் 41 பேர். அங்கே சேரக் காரணம், நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவர்கள் மட்டும்தான் காகிதத்தில் எழுதிப் பதில் கொடுத்தார்கள்: "மருத்துவமனையில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்?" எட்டுப் பேர் என்று எழுதி, எந்தப் பருவத்தில் எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை என்பதையும் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த எட்டு என்ற எண்ணின் மதிப்பு எனக்கு இரண்டாம் பருவத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் புரிந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். இதயம் பலவீனமாகி உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. நீரை வடிக்க ஃபுரோசமைடு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். காலை 9 மணி மாத்திரைகளில் டிகாக்சின் என்ற இதய மருந்து இருந்தது. டிகாக்சின் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழுதாக ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எண்ணினேன், 72. சரி என்று மாத்திரைக் கப்பைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் நின்றிருந்த ஆசிரியை கேட்டார்: "பொட்டாசியம் எவ்வளவு?"

நான் பார்க்கவில்லை. கணினியைத் திறந்தால் 3.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். நீரை வடிக்கும் அந்த மருந்து பொட்டாசியத்தையும் சிறுநீரோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். பொட்டாசியம் குறைந்த உடம்பில், வழக்கமான அளவு டிகாக்சினே விஷம்போல் வேலை செய்து இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடக்கூடும். பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் என்று பத்துத் தடவையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதே தனிமம் ஒரு மனிதருடைய ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை, கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொண்டேன். டாக்டரைக் கூப்பிட்டோம். டிகாக்சினை நிறுத்தி வைத்து முதலில் பொட்டாசியம் கொடுக்கச் சொன்னார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆசிரியைக்கு எட்டுப் பேருக்குப் பதிலாகப் பன்னிரண்டு பேர் இருந்திருந்தால், அவர் வேறொரு அறையில் வேறொரு மாணவரோடு நின்றிருப்பார். நானும் காத்திருந்துதான் மாத்திரை கொடுத்திருப்பேன். ஆசிரியர் இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆனால் அவசரமாக ஓடி வரும் ஆசிரியைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க நேரம் இருந்திருக்குமா? இப்போதும் டிகாக்சின் எடுக்கும்போதெல்லாம் அவர் குரல் காதில் கேட்கிறது. ஒரு நர்சிங் கல்லூரியில் நாம் பணம் கொடுத்து வாங்குவது அந்தக் குரலைத்தான்.

செய்முறைப் பயிற்சியில் ஒரு பகுதியைப் பொம்மை நோயாளிகளை வைத்து நடத்துவார்கள். அதைத் தாழ்வாகச் சொல்ல மாட்டேன். தரமாக நடத்தினால் பாதி வரை அப்படி நடத்தலாம், முடிவுகள் கெடுவதில்லை என்று அமெரிக்க நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட ஆய்வே சொல்கிறது. தரமாக நடத்தினால் என்பதுதான் இதில் முக்கியம். மருத்துவமனையில் இடம் கிடைக்காத கல்லூரி, அந்த ஓட்டையை அடைக்கப் பொம்மையைக் காட்டுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றியும் உங்கள் பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. என் கட்டணம் 62,000 டாலர். புத்தகம், சீருடை, தேர்வுச் செலவு தனி. தனியார் பல்கலைக்கழகங்களில் இதைவிட அதிகமாகவும் ஆகும். ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை, முதல் பட்டம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கிடைக்காது; அந்தப் பட்டம் இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும் அப்படித்தான். அரசுக் கடன் எனக்கு ஒரு கல்வியாண்டுக்கு 12,500 டாலர்தான். இரண்டு கல்வியாண்டுக் கணக்கில் 25,000. மிச்சம் சேமிப்பும் தனியார் கடனும். படிக்கும் 16 மாதமும் வேலைக்குப் போக முடியவில்லை. போகலாம் என்று நினைத்து முதல் மாதம் மருந்துக்கடையில் சனிக்கிழமை மட்டும் நின்றேன். மருந்தியல் முதல் தேர்வில் 71 வாங்கியதும் விட்டுவிட்டேன். விட்ட சம்பளத்தையும் படிப்புச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம் வீடு. மருத்துவமனைப் பயிற்சி காலை 6.45-க்கு. முதல் நாள் இரவு நோயாளியின் விவரங்களைப் படித்துப் பராமரிப்புத் திட்டம் எழுதி முடிக்க 12 மணியாகும். என் மாமியார் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். "நீ படி, அடுப்பை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, முழங்கால் வலியோடு சமையலறையில் நின்றார். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு என் கணவர் இட்லி மாவு அரைக்கக் கற்றுக்கொண்டார். என் பெரிய பையன் தம்பியின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டான். இந்த மூன்று பேரும் இல்லாமல் நான் முடித்திருக்க மாட்டேன். என் வகுப்பில் நடுவில் நின்றுபோன ஏழு பேரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்றே நினைக்கிறேன். ஒருவருக்கு வீட்டில் கைக்குழந்தை. ஒருவர் அப்பாவை டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. துரிதப் படிப்பில் சேரலாமா என்று என்னிடம் கேட்கும் பெண்களிடம் அவர்களுடைய மதிப்பெண்ணைப் பற்றி நான் கேட்பதில்லை. "வீட்டில் யார் இருக்காங்க?" என்றுதான் கேட்கிறேன்.

வீட்டில் யாரும் இல்லை என்றால் நர்ஸ் ஆக முடியாதா? முடியும். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு, எழுதுவது அதே என்கிளெக்ஸ், கிடைப்பது அதே ஆர்.என். உரிமம். வேலையில் சேர்ந்த பிறகு பி.எஸ்.என். பட்டத்தை ஆன்லைனில் முடிக்கலாம். பல மருத்துவமனைகள் அதற்குப் பண உதவியும் செய்கின்றன. பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்து நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டம் பெற்ற நர்ஸ்கள் 10 சதவீதம் கூடுதலாக இருந்த மருத்துவமனைகளில் மரண வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. நியூயார்க்கில் 2017-இல் வந்த சட்டமும், உரிமம் வாங்கிய 10 வருடத்துக்குள் பட்டம் முடிக்கச் சொல்கிறது. பத்து வருடம் அவகாசம் இருக்கும்போது, பன்னிரண்டே மாதத்தில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. சில கம்யூனிட்டி காலேஜ்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். அது ஒன்றுதான் குறை.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் வகுப்பு தொடங்கிய மாதமே பார்த்தோம். 2023 ஜனவரி 25 அன்று செய்தி வந்தது. புளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. 25 பேர் மீது வழக்கு. அதை வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் என்கிளெக்ஸிலும் தேறியிருந்தார்கள். மறுநாள் எங்கள் பேராசிரியை பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பற்றித்தான் பேசினார். தேர்வு கேள்விகளைத்தான் கேட்கும், நோயாளியின் படுக்கை ஓரத்தில் நின்ற நேரத்தை அதனால் அளக்க முடியாது என்றார். என்கிளெக்ஸில் தேறிய ஒருவர் நர்சிங் பள்ளிக்கே போகாதவராக இருக்க முடியும் என்பது அன்றைக்கு என்னை உலுக்கிவிட்டது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருப்பவர்களுக்கு இந்தத் துரிதப் படிப்பு தேவையே இல்லை. அவர்கள் செய்ய வேண்டியது சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, என்கிளெக்ஸ். என்கிளெக்ஸைச் சென்னையிலேயே எழுதலாம். அதற்கு மேல் அவர்களைத் தடுத்து நிறுத்துவது படிப்பு இல்லை, விசா வரிசைதான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். எங்கள் கிரீன் கார்டுக்கு ஒன்பது வருடம் காத்திருந்தோம். 'மறுபடி அமெரிக்காவில் 12 மாதம் படித்தால் சீக்கிரம் போய்விடலாம்' என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், எந்த விசாவில், படிப்பு முடிந்த பிறகு எந்த விசாவில் என்று எழுத்தில் வாங்குங்கள். 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. இருக்கும் ஊர் நம்முடையது. அங்கே படித்த ஒரு அக்கா எங்கள் வார்டில் சீனியர். மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் முகத்தைப் பார்க்கச் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

என் அண்ணன் மகள் இப்போது பிளஸ் டூ. அவளுக்கும் நர்சிங்தான் ஆசை. அண்ணி போட்டோ அனுப்பியதன் உள்நோக்கம் அதுதான் என்று தெரியும்: வேறு ஏதாவது பட்டத்தை வாங்கிவிட்டு அமெரிக்கா வந்து 12 மாதத்தில் முடித்துவிடலாமா என்பது. வேண்டாம் அண்ணி. பதினேழு வயதுப் பிள்ளைக்கு எந்த அவசரமும் இல்லை. ஊரிலேயே நான்கு வருடம் முழுதாகப் படிக்கட்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் தகுதிப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் நிஜமாகவே நோயாளிகள் படுத்திருக்கிறார்களா என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். புறநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். ஆறு மாதத்தில் நர்சிங், ஒரு வருடத்தில் நர்சிங் என்று பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருக்கும் படிப்புகள் கவுன்சில் பதிவுக்கு உதவாது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவள் உள்ளூரிலும் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள முடியாது, வெளியூரிலும் முடியாது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். படிப்புகளைப் பற்றிய பக்கத்தில் எத்தனை மாதம் என்று போடும்போது, அதன் பக்கத்திலேயே சேர்வதற்கு முன் எத்தனை மாதம், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், மருத்துவமனையில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற மூன்றையும் கல்லூரிகளிடம் கேட்டுப் போடுங்கள். பதில் சொல்லாத கல்லூரி என்றால் பதில் வரவில்லை என்றே போடுங்கள். அந்த 500 டாலர் கட்டுவதற்கு முன் எனக்கு அப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்டிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

இன்றிரவு 7 மணிக்கு எனக்கு டியூட்டி. பகலில் கொஞ்சம் தூங்க வேண்டும். இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சாத்தூரைச் சொந்த ஊராகக் கொண்ட வாசகி,
எடிசன், நியூஜெர்சி.